கெடுப்பதற்கு ஓர் இரும்புத் துண்டு

ஐடிஐயில் பிட்டர் பிரிவில் சேரும் பையனிடம் முதலில் ஒரு சேனல் இரும்புத் துண்டைக் கொடுப்பார்கள். அதை வைஸில் இறுக்கி அரத்தால் ராவ வேண்டும். இன்று, நாளை, அதற்கடுத்த நாளும். வாரக் கடைசியில் இரும்பு கொஞ்சம் தேய்ந்திருக்கும். உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்திருக்கும். அந்தத் துண்டு எந்த லாரியிலும் ஏறப்போவதில்லை, எந்தக் கூரையையும் தாங்கப்போவதில்லை. அதற்கு விலை சொல்ல ஒரே ஒருவர்தான் உண்டு, பழைய இரும்புக் கடைக்காரர்.

சேலத்திலிருந்து ராசிபுரம் போகும் பேருந்தில் ஒரு தகப்பனார் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிக்கொண்டு வந்தார்: "ரெண்டு வருசப் படிப்புன்னு சேத்துவுட்டனுங்க. போயி ஒரு மாசமாச்சு, இன்னும் இரும்பத் தேச்சுக்கிட்டு உக்காந்திருக்கானுங்க." எனக்குத் திரும்பி ஒன்று சொல்ல வேண்டும் போலிருந்தது, சொல்லவில்லை. அவர் மகன் உட்காரவில்லை. நின்றுகொண்டுதான் தேய்க்கிறான். முதல் பாடமே நிற்பதுதான்.

வைஸின் தாடை முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். இடது கால் முன்னே, வலது கால் பின்னே. பிடி வலது கையில், நுனியின் மேல் இடது உள்ளங்கை. அரம் முன்னே போகும்போது மட்டும்தான் வெட்டும். பின்னால் இழுக்கும்போது அழுத்தினால் பல் மழுங்கும், வேலை நடக்காது. இதுவரை யாருக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம். இனிமேல்தான் கை பேச மறுக்கும். அரத்தை முன்னே தள்ளத் தள்ள, இரும்புக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி கூடுகிறது, இப்பால் இருக்கும் பகுதி குறைகிறது. ஏற்றப் பலகையில் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்து இடம் மாறிக்கொண்டே இருப்பது மாதிரி. ஆகவே தொடக்கத்தில் இடது கை அழுத்த வேண்டும், நடுவில் இரண்டும் சமம், முடிவில் வலது கை. ஒரு தள்ளலுக்குள் இந்த மாற்றம் நடந்தாக வேண்டும், ஒவ்வொரு தள்ளலிலும் நடந்தாக வேண்டும். நடக்காவிட்டால் அரம் படகு மாதிரி ஆடும். இரு ஓரங்களும் தேய்ந்து நடுவில் முதுகு நிற்கும். புதிதாகப் பிடித்த எல்லோருடைய இரும்புக்கும் முதுகு உண்டு. மருத்துவர் பிடித்தாலும் உண்டு, மாவட்ட ஆட்சியர் பிடித்தாலும் உண்டு.

முதுகு கண்ணுக்குத் தெரியாது. மூலைமட்டத்தின் அலகை அதன்மேல் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் தெரியும். ஓரங்களில் வெள்ளைக் கோடாக வெளிச்சம் கசியும். இன்ஸ்ட்ரக்டர் ஒன்றும் திட்ட வேண்டியதில்லை. தூக்கிக் காட்டிவிட்டுக் கீழே வைத்தால் போதும். பையன் திரும்பவும் ராவுவான்.

சேனலுக்குப் பிறகு பட்டைத் தகடு. அதன்மேல் மயில்துத்தக் கரைசலைத் தடவினால் இரும்பின்மேல் செம்பு மெல்லிய தோலாகப் படியும். அந்தச் சிவப்பில் ஸ்க்ரைபரால் கிழித்த கோடு பளிச்சென்று தெரியும். கோட்டின்மேல் பஞ்ச் கருவியால் புள்ளி வைத்து, ஹேக்ஸாவால் அறுத்து, கோடு பாதி தெரிய பாதி மறைய ராவி நிறுத்த வேண்டும். அரத்தின் பல்லில் இரும்புத்தூள் அடைத்துக்கொண்டு பரப்பைக் கீறாமலிருக்கச் சாக்பீஸைத் தேய்த்துக்கொள்வார்கள். முதலில் அரை மில்லிமீட்டர் முன்பின்னாக இருந்தால் மன்னிப்பு உண்டு. வருடம் போகப் போக மன்னிப்பின் அளவு சுருங்கி, ஒன்றுக்குள் ஒன்று செருகும் பொருத்து வேலைக்கு வரும்போது 0.04 மில்லிமீட்டரில் வந்து நிற்கும். நாம் எழுதும் தாளின் தடிமன் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். இந்தப் பாடத்திட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் வழி வந்தது. அதற்கான பயிற்சிப் புத்தகங்கள் சென்னை கிண்டியிலுள்ள நிமி நிறுவனத்தில் தயாராகின்றன. இலக்கியப் பத்திரிகைகளில் யாரும் அவற்றுக்கு மதிப்புரை எழுதி நான் பார்த்ததில்லை. ஒரு தொழிலை முதல் அசைவிலிருந்து சொல்லில் பிடிக்க முயலும் உரைநடை தமிழில் அதிகம் இல்லை என்பதால், எழுதலாம் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது.

நான் ஐடிஐயில் படித்தவன் இல்லை. எனக்குக் கிடைத்தது இன்னொரு பள்ளி.

எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை விடுமுறையில் சேலத்தில் சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒரு லேத் பட்டறையில் என்னை விட்டார்கள். வெயிலில் சுற்றாமல் இருக்கட்டும் என்பது காரணம். மதிப்பெண் குறைவு என்பது சொல்லப்படாத காரணம். எங்கள் பக்கத்தில் பிள்ளையை மிரட்ட முன்பு மாடு மேய்ப்பதைச் சொன்னார்கள்; மாடு குறைந்த பிறகு "லேத்துல வுட்ருவேன்" என்றார்கள். வெயிலுக்கும் மார்க்குக்கும் சேர்த்து எனக்கு அது நடந்தது.

கூட்டுவது, டீ வாங்கி வருவது, லேத்துக்கு அடியில் குவியும் இரும்புச் சுருளைக் கொக்கியால் இழுத்து டின்னில் போடுவது. சுருளைக் கையால் தொட்டால் அறுக்கும். இப்போதுதான் விழுந்தது என்றால் சுடவும் செய்யும். நிறத்தைப் பார்த்துச் சூட்டைச் சொல்ல மூன்றாவது நாளே தெரிந்துவிட்டது. சத்தத்தைக் கேட்டு டூல் மழுங்கியதைச் சொல்லவும் கொஞ்சம் தெரிந்தது. யாரும் கற்றுத்தரவில்லை, அங்கே இருந்ததால் ஒட்டிக்கொண்டது. நான்காம் வாரம் மேஸ்திரி ஒரு புஷ்ஷை என்னிடம் கொடுத்தார். பள்ளிபாளையத்து விசைத்தறிக்குப் போக வேண்டியது. ஓரத்துப் பிசிறை மட்டும் அரத்தால் தட்டிவிடச் சொன்னார். நான் பிசிறோடு நிறுத்தவில்லை. பளபளப்பாகிறதே என்ற ஆசையில் இன்னும் நாலு தள்ளு தள்ளினேன்.

மேஸ்திரி அதை வாங்கிப் பார்த்தார். "கண்ணு, இது உம்பட சாமானமில்ல" என்றார். அவ்வளவுதான். வேறொரு துண்டை மாட்டி முதலிலிருந்து கடைந்தார். பள்ளிபாளையத்துக்காரர் வெளியே ஸ்டூலில் காத்திருந்தார். மணி பத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பட்டறையில் என் கையில் யாரும் அரத்தைக் கொடுக்கவில்லை. அதில் கோபம் இருந்ததாக நினைக்கவில்லை. கொடுத்துக் கட்டுப்படியாகாது, அதுதான் விஷயம்.

பட்டறைப் பள்ளியின் பலமும் பலவீனமும் மேஸ்திரியின் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கின்றன. எல்லாமே இன்னொருவருடைய சாமான். நாமக்கல்லில் சாலையோரத்து லாரி பாடி கட்டும் பட்டறைகளில் பாருங்கள். எங்கோ தயாரித்த வெறும் சேசிஸ் கேபின்கூட இல்லாமல் வந்து நிற்கும். சில வாரங்களில் முழு வண்டியாகப் போகும். வெல்டிங் பிடிக்கிறவர், டிங்கர், தச்சர், பெயின்டர், கடைசியாகப் பின்பலகையில் எழுத்து எழுதுகிறவர். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளின் வேலையும் இதே வகைதான். இந்தக் கைகளில் பெரும்பாலானவை எந்த வகுப்பறையிலும் பழகியவை இல்லை. பையன் கம்பி எடுத்துக் கொடுத்தான், கிரைண்டர் பிடித்தான், ஒரு நாள் வெல்டர் வராதபோது ராடைப் பிடித்தான். கண்ணாடி போடாமல் பிடித்து இரவு முழுக்கக் கண்ணில் மணல் உறுத்தியது. இப்படித்தான் பாடம். நான் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. உலகத்தில் கைத்தொழில் பெரும்பாலும் இப்படித்தான் கைமாறி வந்திருக்கிறது. ஆனால் தவறு செய்ய இடமில்லாத இடத்தில் பையன் எதைப் பழகுகிறான் என்றால், தவறு நேராத வேலையை மட்டும் பழகுகிறான். தெரிந்ததையே செய்கிறான். இருபது வருடம் தளப்பலகை மட்டும் அடித்த ஒருவரை எனக்குத் தெரியும். அருமையாக அடிப்பார்.

இங்கே ஓர் ஆங்கிலேயரின் கதை உதவும். ஜோசப் விட்வொர்த், லண்டனில் ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலை பார்த்தவர். இயந்திரங்கள் துல்லியமாக அமைய வேண்டுமானால் முதலில் எங்கோ ஓர் உண்மையான சமதளம் இருக்க வேண்டும். அந்த முதல் சமதளத்தை எதை வைத்து அளப்பது? இரண்டு தட்டுகளைச் சாயம் தடவி ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஒட்டிய மேட்டைச் சுரண்டிச் சுரண்டிப் பொருத்தலாம். ஆனால் அதில் ஒரு மோசம் உண்டு. ஒன்றில் முதுகும் இன்னொன்றில் அதே அளவு குழியும் இருந்தாலும் இரண்டும் அட்சரம் பிசகாமல் பொருந்தும். பொருந்துவதால் சரி என்று நினைத்துக்கொள்வோம். அதற்கு மூன்றாவது தட்டு வேண்டும். முதலாவதோடு இரண்டாவது, இரண்டாவதோடு மூன்றாவது, மூன்றாவதோடு முதலாவது என்று மூன்றும் மாறி மாறிப் பொருந்தினால்தான் மூன்றும் சமதளம். 1840இல் கிளாஸ்கோவில் கூடிய அறிஞர் சபையில் விட்வொர்த் தம் சமதள முறையை விளக்கிக் கட்டுரை படித்தார். அந்த முறையில் விலையுயர்ந்த கருவி எதுவும் கிடையாது. சாயமும் சுரண்டியும் பொறுமையும்தான்.

மேஸ்திரிக்குப் பொருந்துகிற பையன் அந்தப் பட்டறைக்குச் சரியானவன்தான். மேஸ்திரியின் முதுகுக்கு இவன் குழி. பட்டறை மாறினால் தெரியும். ஐடிஐ பையனின் கதையும் வேறில்லை: அவன் தேர்வுத் தாளுக்குப் பொருந்துகிறான், வெளியே வந்து லாரிப் பட்டறையில் நிற்கும்போது வெளிச்சம் கசிகிறது. இரண்டு பக்கமும் அடுத்தவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். "சர்டிபிகேட்டு ராடு புடிக்குமா?" என்று இவர்கள். "மைக்ரோமீட்டர் பாக்கத் தெரியாதவங்க" என்று அவர்கள். மூன்றாவது தட்டு நம்மிடம் இல்லை.

இங்கிலாந்தில் அது ஓர் எதிர்பாராத இடத்தில் உருவானது: வீட்டுக் கொல்லையில். 1898 ஜனவரியில் பெர்சிவல் மார்ஷல் என்பவர் மாடல் இன்ஜினியரிங் ஆர்வலர்களுக்காக ஒரு பத்திரிகை தொடங்கினார். அதே ஆண்டு லண்டனில் அவர்களுக்கென்று ஒரு சங்கமும் அமைந்தது. குமாஸ்தாக்கள், டாக்டர்கள், பாதிரிமார்கள், ரயில்வேக்காரர்கள். பகலில் வேறு வேலை. இரவில் தோட்டத்துக் கொட்டகையில் சின்ன லேத். நீராவி எஞ்சினைக் கைக்கடக்கமாகச் செய்தார்கள். பொம்மைதான், ஆனால் தண்ணீர் ஊற்றி நிலக்கரி போட்டால் உண்மையாகவே ஓடும். அவர்களுக்கு ஆசானாக இருந்தவர் எல்பிஎஸ்சி என்ற புனைபெயரில் எழுதிய ஒரு முன்னாள் ரயில் எஞ்சின் ஃபயர்மேன். தாம் கரி தள்ளிய ரயில்வே கம்பெனியின் முதலெழுத்துகளையே பெயராக வைத்துக்கொண்டவர். பட்டறைப் பேச்சிலேயே எழுதுவார். முதல்முறை செய்கிறவர்களுக்கென்று டிச் என்றொரு குட்டி எஞ்சினை வடிவமைத்து, படிப்படியாகச் செய்முறை சொன்னார். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது, தொடக்கக்காரர்களுக்குப் பட்டறை வகுப்பும் நடத்துகிறது. அரத்தைப் பிடிப்பதிலிருந்து.

எனக்கு அவர்களிடம் பொறாமை எஞ்சினைப் பற்றி இல்லை. அவர்களுடைய சாமானம் அவர்களுடையது, அதைப் பற்றித்தான். கெட்டுப்போனால் யாரும் வெளியே ஸ்டூலில் காத்திருக்க மாட்டார். அளவு சிறியதானதால் இழப்பும் சிறியது. அளவு சிறியதானாலும் துல்லியம் சிறியதாவதில்லை, உண்மையில் கூடுகிறது. பிள்ளைகளுக்கு இது தெரியும். தேய்ந்த ரப்பர் செருப்பில் சக்கரம் வெட்டி வண்டி செய்த நம்முடைய பையன்களில் எவனும் முதல் சக்கரத்தை வட்டமாக வெட்டியதில்லை. நுங்கு வண்டி முதல் ஓட்டத்திலேயே நேராகப் போனதாகவும் நினைவில்லை. செருப்பு நம்முடையது, நுங்கு தின்ற பிறகு மிஞ்சும் கூந்தலும் நம்முடையது. எத்தனை தரம் வேண்டுமானாலும் கெடுக்கலாம்.

நம் ஊரில் இது பன்னிரண்டு வயதோடு முடிந்துவிடுகிறது. பிறகு பாதை இரண்டாகப் பிரிகிறது. கை உள்ளவனுக்கு ஓய்வு கிடையாது. ஓய்வு உள்ளவன் கையை ஒளித்துவைத்துக்கொள்கிறான். இதில் சாதிக்கு உள்ள பங்கை நான் விளக்க வேண்டியதில்லை, அரத்தையும் உளியையும் தொடுகிறவர் யார் என்று பல நூற்றாண்டுகளாக முடிவு செய்து வைத்திருந்த சமூகம் இது. மதிப்பெண்ணுக்கும் இதில் பங்குண்டு. நாமக்கல் வட்டாரத்தில் லாரிப் பட்டறைகள் இருக்கும் அதே சாலைகளில்தான் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குப் பெயர்பெற்ற விடுதிப் பள்ளிகளும் இருக்கின்றன. தமிழகத்தின் எந்த மூலையிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். விடிகாலை நான்கு மணிக்கு எழுப்பி இயற்பியல் படிக்கவைத்த பிள்ளையின் காதில் பக்கத்துப் பட்டறையின் கிரைண்டர் சத்தம் விழாமல் இருந்திருக்காது. நெம்புகோல் தத்துவத்துக்கு அவன் ஐந்து மதிப்பெண் வாங்கியிருப்பான். அரம் பிடித்தால் முதுகு வரும்.

பொறியியல் கல்லூரியில் முதலாண்டு பட்டறை வகுப்பு உண்டே என்பார்கள். என் அக்கா மகன் ஒரு கல்லூரியில் படித்தான், பெயர் வேண்டாம். இரண்டு தகடுகளை வி வடிவத்தில் பொருத்தும் வேலை. சீனியரிடமிருந்து தயாரான ஜாபை வாங்கி, உப்புத்தாளில் தேய்த்துப் புதிதுபோல் காட்டிக் கொடுத்துவிட்டான். முழு மதிப்பெண். "எல்லாரும் அப்படித்தான் மாமா" என்றான். அவன்மேல் எனக்கு வருத்தமில்லை. கெடுத்தால் மதிப்பெண் போகும் இடத்தில் புத்திசாலிப் பையன் வேறு என்ன செய்வான்?

கோவையில் ஜி. டி. நாயுடு இதைக் கண்டுகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். பள்ளிப் படிப்பை முடிக்காதவர், ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பார்த்ததில் தொழில் தொடங்கியவர். 1945இல் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் பொறியியல் கல்வி நிலையம் அமையக் காரணமாக இருந்தவரும் அவரே. நான்கு ஆண்டுப் படிப்பு வீண், இரண்டாண்டு போதும் என்று வாதாடினார், அரசு இசையவில்லை, விலகிக்கொண்டார். அந்தக் கல்லூரி பின்னால் அரசுத் தொழில்நுட்பக் கல்லூரி ஆனது. இரண்டாண்டு போதுமா என்பதில் எனக்கு உறுதியில்லை. பிரித்துப் பார்க்க விடு என்ற அவர் கட்சியில் உறுதி உண்டு.

சேலத்துக்கும் சொந்தமாக ஒரு கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றது. 1943 வாக்கில் மாணிக்கம் செட்டியார் என்ற சேலத்து வியாபாரி, போபட்லால் ஷா என்பவரின் துணையோடு மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார். முதலில் குடிசைத் தொழில் அளவில். மாவை மணியாக்கவும் வறுக்கவும் இயந்திரத்தைத் திருத்தித் திருத்தி அமைத்தவர் வெங்கடாசலக் கவுண்டர் என்ற மெக்கானிக். ஆத்தூர்ச் சாலையில் இன்று பார்க்கும் சேகோ ஆலைகளுக்கெல்லாம் அங்கே வேர் இருக்கிறது. அந்த மனிதர் எத்தனை தகரத்தைக் கெடுத்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். ஜவ்வரிசி இயந்திரத்துக்கு மேஸ்திரி கிடையாது, பாடத்திட்டமும் கிடையாது. பொருந்திப் பார்க்க எதுவுமே இல்லாததால் அவர் மூன்றாவது தட்டாக இருந்திருக்கிறார்.

இரும்பும் இங்கே அந்நியமில்லை. கஞ்சமலையின் இரும்புக் கல்லைச் சேலத்துக் கொல்லர்கள் காலங்காலமாக உருக்கினார்கள். அதைப் பார்த்து மயங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோசையா மார்ஷல் ஹீத் 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை வைத்து நொடித்துப்போனார். பிறகு இங்கிலாந்துக்குத் திரும்பி, 1839இல் உருக்கில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு உருக்காலைகள் அதனால் செழித்தன. அவருக்கு வழக்குதான் மிஞ்சியது. ஷெஃபீல்டுக்கு அரத்தில் பெரிய பெயர். நம் பையன் கையில் பிடித்திருக்கும் அரத்துக்குச் சேலத்தோடு இப்படி ஒரு தூரத்து உறவு.

இப்போது புதிய ஏற்பாடு வந்திருக்கிறது. தமிழக அரசு 71 அரசு ஐடிஐக்களில் டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாய்க்கு 4.0 தொழில்நுட்ப மையங்களை அமைத்திருக்கிறது. சிஎன்சி, ரோபோ, முப்பரிமாண அச்சு. நல்லது. திரையில் ஒரு பாகத்தை வரைந்து, ஓட்டிப் பார்த்து, டூல் மோதினால் அழித்துவிட்டு மறுபடி வரையலாம். கெடுக்கும் உரிமை அங்கே முதல்முறையாகத் தாராளமாகக் கிடைக்கிறது. குறை ஒன்று சொல்வேன்: திரையில் கெட்டதற்கு எடை இல்லை. பதினொன்றாவது முறை அழிக்கும்போது கையில் ஒன்றும் வலிப்பதில்லை. சேனல் இரும்பையும் விட்டுவிடாமல் வைத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று திருத்தும்.

மாடல் இன்ஜினியரிங் வகுப்பு ஒன்று எங்கள் வட்டாரத்தில் தொடங்குவதென்றால் எதிலிருந்து தொடங்கலாம் என்று எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆடும் சிலிண்டர் எஞ்சின். சிலிண்டரே ஓர் அச்சில் இப்படியும் அப்படியும் ஆடும். ஆடும்போது அதன் துளை, நிற்கும் தகட்டின் துளைகளோடு மாறி மாறிப் பொருந்தும். ஒன்றில் காற்று நுழையும், மற்றதில் வெளியேறும். தனி வால்வு வேண்டாம். ஒரு பித்தளைக் கட்டை, ஒரு பிஸ்டன், ஒரு கிராங்க், ஒரு கனச் சக்கரம். பித்தளை பழைய இரும்புக் கடையில் கிலோக் கணக்கில் கிடைக்கும். கொதிகலனும் தேவையில்லை: நாமக்கல்லில் எந்தப் பஞ்சர் கடையிலும் கம்ப்ரசர் உண்டு, குழாயை மாட்டினால் ஓடும். ஆனால் சிலிண்டரும் தகடும் உரசும் அந்த ஒரு முகம் சமதளமாக இல்லாவிட்டால் காற்றெல்லாம் ஓரத்தில் புஸ்ஸென்று போய்விடும், சக்கரம் அசையாது. முதல் வாரத்து முதுகு இங்கே கணக்குக் கேட்கும்.

இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். மாலையில் ஐடிஐ பட்டறைகள் பூட்டிக் கிடக்கின்றன. பாடி பட்டறை முதலாளிகள் ஒரு மூலையில் ஒரு வைஸை விட்டுக்கொடுத்தால் போதும்: தளப்பலகை மட்டும் அடிப்பவருக்கும், விடுதிப் பள்ளியில் படித்து வந்தவனுக்கும், தையல் மெஷினைத் தானே கழற்றிப் பூட்டும் அம்மாளுக்கும், பணி ஓய்வு பெற்ற ஆசிரியருக்கும். வேலை வாய்ப்பு என்ற சொல்லை வாசலிலேயே விட்டுவிட்டு வரட்டும். ஆளுக்கொரு துண்டு இரும்பு, அது அவரவர் சாமானம். கெடுத்தால் இன்னொன்று. நாமக்கல், திருச்செங்கோட்டுப் பட்டறைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் யோசிக்க வேண்டும்.

நான் விசாரித்தேன். தமிழகத்து அரசு ஐடிஐக்களில் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் தருகிறார்கள். ஆண்கள் 14 வயதிலிருந்து 40 வரை சேரலாம். பெண்களுக்கு உச்ச வயது கிடையாது. எனக்கு 53.